வேகமாக வளர்ந்தால் மட்டும் போதுமா? வளர்ப்பு மீனின் மரபும் சதையின் தரமும்: ஒரு விரிவான தொகுப்பு

ஹைதராபாத்: ஜூன் மாதத் தொடக்கத்தில் மிருகசிரா கார்த்தி நாள் வந்துவிட்டால் ஹைதராபாத்தின் மீன் சந்தைகளில் கால் வைக்க இடமிருக்காது. மழைக்காலத்தின் வாசலில் மீன் உண்பது உடலுக்கு நல்லது என்பது தெலங்கானா மக்களின் நீண்டநாள் நம்பிக்கை. அன்று பெரிதும் தேடப்படுவது விரால் மீன். தெலுங்கில் கொரமீனு எனப்படும் இதுவே தெலங்கானாவின் மாநில மீனும் ஆகும். காற்றைச் சுவாசிக்கும் ஆற்றல் உள்ளதால் தொட்டிகளில் உயிருடன் விற்கப்படுகிறது. முள் குறைவு, சதை இறுக்கம். எனவே பக்கத்துக் கடையில் பனிக்கட்டிமேல் அடுக்கப்பட்டிருக்கும் ரோகு, கட்லாவைவிட இதன் விலை பல மடங்கு அதிகம்.

ஆனால் நாட்டின் நன்னீர் மீன் வளர்ப்பைத் தாங்கி நிற்பவை அந்த ரோகுவும் கட்லாவும்தான். 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 175.45 லட்சம் டன். இதில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைத்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்திய மீன் மரபியல் ஆய்வு ரோகுவை வேகமாக வளர வைத்திருக்கிறது. ஆனால் அதன் சதையின் சுவை, உறுதி, கொழுப்பின் தன்மை, முள் ஆகியவற்றின் மீது மரபியலின் கவனம் இப்போதுதான் திரும்பி வருகிறது. இந்த இரண்டு நோக்கங்களுக்கும் இடையிலான உறவு அவ்வளவு எளிதானதல்ல.

இந்தத் துறையின் நிர்வாக முகவரி ஹைதராபாத். 2006-ல் தொடங்கப்பட்ட தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமையகம், விமான நிலையத்துக்குச் செல்லும் பி.வி. நரசிம்மராவ் மேம்பாலச் சாலையை ஒட்டி, ராட்சத மீன் ஒன்று துள்ளி நிற்பதுபோன்ற வடிவில் அமைந்துள்ளது. புகைப்படம் எடுப்பவர்களால் உலகப் புகழ் பெற்றுவிட்ட அந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் முக்கியமான பணிகளில் ஒன்று, தரமான தாய் மீன்களும் குஞ்சுகளும் நாடெங்கும் பரவுவதற்கான நிதியும் திட்டமும் வகுப்பது. ஆய்வுப் பணி பெரும்பாலும் ஒடிசாவில் நடக்கிறது.

ஐந்து ஆறுகளின் மீன்

புவனேஸ்வரம் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1992-ல் நார்வேயின் அக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்துடன் இணைந்து ரோகு மீனுக்கான தேர்வுமுறை இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து பிடிக்கப்பட்ட ரோகு மீன்களும், பண்ணையில் வளர்ந்த ஒரு கூட்டமும் அடிப்படைக் குழுவாகச் சேர்க்கப்பட்டன. பல ஆறுகளின் மீன்களைக் கலந்ததன் காரணம் எளிது. தேர்ந்தெடுக்க வேண்டுமானால் வேறுபாடு இருக்க வேண்டும். ஒரே குளத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீன்களில் அந்த வேறுபாடு குறைவு.

ஒவ்வொரு தலைமுறையிலும் பல குடும்பங்கள் தனித்தனியே உருவாக்கப்பட்டன. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்ததும் அரிசி மணி போன்ற மின்னணு அடையாள வில்லை அவற்றின் உடலில் செலுத்தப்பட்டது. பின்னர் எல்லாக் குடும்பங்களும் ஒரே குளத்தில் விடப்பட்டு, அறுவடையின்போது எந்தக் குடும்பம், எந்தத் தனி மீன் அதிக எடை பெற்றது என்று கணக்கிடப்பட்டது. அவையே அடுத்த தலைமுறையின் பெற்றோர். மரபணுவை வெட்டுவதோ ஒட்டுவதோ இதில் இல்லை. காங்கேயம் காளையைத் தேர்ந்தெடுத்த உழவரும் இதைத்தான் செய்தார். புள்ளியியல் கணக்கு மட்டும் புதிது.

நாடு விடுதலையின் பொன்விழாவைக் கொண்டாடிய 1997-ல் வெளியிடப்பட்டதால் இந்த மீனுக்கு 'ஜெயந்தி ரோகு' என்று பெயரிடப்பட்டது. ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் அளவுக்கு வளர்ச்சி கூடியதாக நிறுவனம் பதிவு செய்துள்ளது. இந்தியாவில் மீன் ஒன்றுக்கு அறிவியல் முறையில் நடத்தப்பட்ட முதல் தேர்வுமுறை இனப்பெருக்கத் திட்டம் இதுவே. பின்னர் ஏரோமோனாஸ் பாக்டீரியா நோயைத் தாங்கும் தன்மைக்காகவும் குடும்பங்கள் சோதிக்கப்பட்டன. இதே வழியில் கட்லாவிலும் நன்னீர் இறாலிலும் மேம்படுத்தப்பட்ட வகைகளை அந்நிறுவனம் உருவாக்கியுள்ளது. 'அம்ரித் கட்லா' என்ற பெயர் இப்போது பண்ணையாளர்களிடையே புழங்கத் தொடங்கியிருக்கிறது.

அண்டை நாடான வங்கதேசத்திலும் வேர்ல்டுஃபிஷ் அமைப்பு ஹால்டா, பத்மா, யமுனா ஆறுகளின் ரோகுவைக் கொண்டு இதேபோன்ற திட்டத்தை நடத்தி, மூன்றாம் தலைமுறை மீன்களைப் பொரிப்பகங்களுக்கு வழங்கியுள்ளது.

பொரிப்பகத்தில் மறையும் வளம்

ஆய்வு நிலையத்தில் கிடைத்த முன்னேற்றம் குளம்வரை வந்து சேர்வதே பெரும்பாடு. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள 1957-க்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் நகரில் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும், பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, பெருங்கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தனர். இந்தியப் பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் இயல்பாக முட்டையிடுவதில்லை. மழை வெள்ளத்தில் ஆற்றில்தான் முட்டையிடும். அதுவரை ஆற்றில் வலைவிரித்து அள்ளிய குஞ்சுகளையே உழவர்கள் நம்பியிருந்தனர். அங்குல் சாதனைக்குப் பிறகு குஞ்சு உற்பத்தி ஒரு தொழிலாக மாறியது. அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆனால் அந்த வரத்துக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஒரு கிலோ எடையுள்ள பெண் ரோகு சுமார் இரண்டு முதல் மூன்று லட்சம் முட்டைகளை இடும். சில டஜன் தாய் மீன்கள் இருந்தால் ஒரு பொரிப்பகம் தன் ஆண்டுத் தேவையை முடித்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுக்கான தாய் மீன்களையும் அதே குஞ்சுகளிலிருந்தே ஒதுக்கிக்கொண்டால் செலவு மிச்சம். விளைவு, அண்ணன் தங்கை உறவுள்ள மீன்களே தலைமுறை தலைமுறையாக இணைகின்றன. அம்பேகர் ஏக்நாத்தும் ரோஜர் டாயிலும் கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்ட கட்டுரை, இந்த உள்ளினச்சேர்க்கை கவலைக்குரிய வேகத்தில் கூடுவதை எச்சரித்தது. விற்பனைக்குக் கிடைக்காமல் எஞ்சிய சிறிய மீன்களையே தாய் மீன்களாக வைத்துக்கொள்ளும் பழக்கம், மெதுவாக வளரும் தன்மையை அறியாமலேயே தேர்ந்தெடுப்பதற்குச் சமம் என்பதும் அத்தகைய ஆய்வுகள் சுட்டிய உண்மை. ஏக்நாத் பின்னாளில் பிலிப்பைன்ஸில் நடந்த கிஃப்ட் திலேப்பியா திட்டத்தில் பணியாற்றி, கௌசல்யாகங்கா நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

இன்னொரு சிக்கல் கலப்பினம். ஒரே தொட்டியில் ரோகு, கட்லா, மிர்கால் மூன்றையும் ஒன்றாக முட்டையிட விட்டால் கலப்பு மீன்கள் பிறக்கின்றன. ரோகு-கட்லா கலப்பினங்கள் வளரும், மலட்டுத்தன்மையும் இல்லை. எனவே அவை மீண்டும் தூய இனத்தோடு கலந்து, எது ரோகு எது கட்லா என்றே சொல்ல முடியாத நிலையை உண்டாக்குகின்றன. தலை பெரிதாகவும் உடல் குறுகியும் வரும் மீனில் உண்ணத்தக்க பகுதியின் விகிதமும் மாறும்.

இதைச் சரிசெய்யவே ஹைதராபாத் வாரியம் கௌசல்யாகங்காவில் தேசிய நன்னீர் மீன் தாய்மீன் வங்கியை அமைத்தது. மேம்படுத்தப்பட்ட குஞ்சுகளை இங்கிருந்து மாநிலப் பண்ணைகளும் தனியார் பொரிப்பகங்களும் பெற்று, தாய் மீன்களாக வளர்த்து, பெருக்கி உழவர்களுக்கு அளிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பால் பண்ணைக்கு உயர்ரகக் காளையின் விந்து எப்படியோ, மீன் வளர்ப்புக்கு இந்த வங்கி அப்படி. ஒரே வேறுபாடு, மாட்டுக்குக் காதில் வில்லை மாட்டிவிடலாம். சாக்குப் பையில் வரும் ஒரு லட்சம் கண்ணாடி நிறக் குஞ்சுகள் உண்மையிலேயே ஜெயந்திதானா என்பதை வாங்குபவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சதையின் தரம் என்றால் என்ன?

மீன் உண்பவருக்குத் தரம் என்பது ஒரு சொல். ஆய்வாளருக்கு அது குறைந்தது ஆறேழு தனித்தனிப் பண்புகள். மொத்த எடையில் சதையின் பங்கு, கொழுப்பின் அளவு, அந்தக் கொழுப்பில் ஒமேகா-3 அமிலங்களின் விகிதம், நிறம், உறுதி, நீரைத் தக்கவைக்கும் தன்மை, வாடை, முள். இவற்றில் சில பெரும்பாலும் மரபால் தீர்மானிக்கப்படுகின்றன. சில தீவனத்தாலும் நீராலும்.

இந்திய உணவுகளின் சத்துக்களை அளப்பதில் நாட்டின் ஆதார நூலை உருவாக்கியதும் ஹைதராபாத்தான். தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணைகள், 528 உணவுப் பொருட்களில் 151 கூறுகளை அளந்து தந்தன. கடல் மீன்களோடு நன்னீர் மீன்களும் அதில் இடம்பெற்றுள்ளன. 1918-ல் நீலகிரியின் குன்னூரில் பெரிபெரி நோய் ஆய்வுக்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969-ல் இப்பெயரைப் பெற்றது என்பது தமிழக வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

ரோகு, கட்லா ஆகியவை புரதம் நிறைந்த, கொழுப்பு குறைந்த மீன்கள். ஆனால் இதயத்துக்கு நல்லதெனப் பேசப்படும் நீள்சங்கிலி ஒமேகா-3 அமிலங்களில் மத்தி, அயிலை போன்ற கடல் மீன்களுக்கு இவை ஈடாகா. இதற்கு மரபைக் காட்டிலும் தீவனமே பெரிய காரணம். ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள பெரும் கெண்டைப் பண்ணைகளில் எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடும் பிண்ணாக்கும் துளையிட்ட பைகளில் நிரப்பப்பட்டு, குளத்தில் நட்ட கம்புகளில் கட்டித் தொங்கவிடப்படுகின்றன. மீன் முட்டி முட்டித் தின்னும். மலிவான, சிறந்த முறை. ஆனால் தவிட்டில் இல்லாத ஒமேகா-3 சதைக்கு எங்கிருந்து வரும்? தாவர எண்ணெயில் உள்ள குறுஞ்சங்கிலி அமிலத்தை நீள்சங்கிலி அமிலமாக மாற்றும் திறன் நன்னீர்க் கெண்டைகளுக்கு ஓரளவு உண்டு. அந்தத் திறன் மீனுக்கு மீன் வேறுபடுகிறது என்பதும், அதன் ஒரு பகுதி பரம்பரையாக வருகிறது என்பதும் ஐரோப்பாவில் சாதாக் கெண்டை, சால்மன் ஆகியவற்றில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. இந்தியக் கெண்டைகளிலும் தேர்வு செய்ய வாய்ப்புள்ள இடம் இதுவே.

வேகமும் மென்மையும்

வேகமாக வளரும் விலங்கின் சதைக்கு என்ன ஆகும் என்பதைப் பிராய்லர் கோழி உலகுக்குக் காட்டிவிட்டது. வளர்ச்சிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட கோழிகளின் மார்புச் சதையில் வெள்ளைக் கோடுகளும், மரக்கட்டை போன்ற கடினத் திட்டுகளும் தோன்றுவது பல நாடுகளின் கோழித் தொழிலுக்குத் தலைவலியாக இருக்கிறது. நாட்டுக்கோழிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீனின் கதை சற்று வேறு. கோழி பிறந்தபின் அதன் தசை நார்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கும் நார்கள் பருக்கின்றன. பெரிதாக வளரும் மீன்களில் குஞ்சுப் பருவத்துக்குப் பின்னும் புதிய நார்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். நுண்ணிய நார்கள் நெருக்கமாக இருந்தால் சதை உறுதியாகவும், பருத்த நார்கள் குறைவாக இருந்தால் மென்மையாகவும் இருக்கும் என்பது சால்மன் ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. எனவே எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த எடை எந்த வழியில் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. சில மீன்களில் கூடுதல் வளர்ச்சியின் ஒரு பங்கு வயிற்றுக்குள் கொழுப்பாகச் சேர்ந்துவிடும். அந்தக் கொழுப்பு குடலோடு சேர்த்துக் குப்பைக்குப் போகிறது. அதற்கான தீவனச் செலவு உழவருடையது.

1970களில் சால்மன் தேர்வைத் தொடங்கிய நார்வே, முதலில் வளர்ச்சியை மட்டுமே கணக்கிட்டது. பின்னர் முன்கூட்டியே முதிர்ச்சி அடையாமை, 1990களில் நோய் எதிர்ப்பு, சதையின் நிறம், கொழுப்பு எனப் பண்புகளைக் கூட்டிக்கொண்டே போனது. அங்கு மீன் துண்டுகளாக வெட்டப்பட்டு, நிற அட்டையோடு ஒப்பிடப்பட்டு விற்கப்படுகிறது. நிறம் மங்கினால் விலை குறையும். எனவே தரத்துக்குச் சந்தையே மதிப்பெண் போட்டது. இந்தியாவில் ரோகு முழு மீனாக, கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. சதை நன்றாக இருக்கும் ரோகுவுக்குத் தனி விலை இல்லாதவரை, பொரிப்பகம் அதைத் தேட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆய்வகத்தைவிடச் சந்தையே இங்கு பெரிய தடை எனலாம்.

இறந்தபின் அளக்கும் பண்பு

நுட்பச் சிக்கல் ஒன்றும் உண்டு. எடையை உயிருள்ள மீனில் அளக்கலாம். கொழுப்பையும் உறுதியையும் அளக்க மீனை வெட்ட வேண்டும். வெட்டிய மீன் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக முடியாது. எனவே அதன் உடன்பிறப்புகளை வெட்டிப் பார்த்து, குடும்பத்தின் சராசரியைக் கொண்டு உயிருள்ளவற்றை மதிப்பிடுவது பழைய வழி. ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் வேறுபாடு இதில் தவறிப்போகிறது.

இந்த இடைவெளியை மரபணுத் தகவல் நிரப்புகிறது. மரபணுத்தொகுதி முழுவதும் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஓரெழுத்து வேறுபாடுகளைப் படித்து, வெட்டப்பட்ட மீன்களின் அளவீடுகளோடு பொருத்திவிட்டால், துடுப்பின் ஒரு துணுக்கை மட்டும் எடுத்து உயிருள்ள மீனின் சதைத் தரத்தைக் கணிக்க முடியும். கறவை மாடுகளில் உலகெங்கும் வழக்கமாகிவிட்ட இம்முறையைச் சால்மன் நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. ரோகுவுக்கு 25 ஜோடி குரோமோசோம்கள். அதன் மரபணுத்தொகுதி வரைவை இந்திய விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்டு, ஏராளமான ஓரெழுத்து வேறுபாடுகளையும் பட்டியலிட்டனர். கருவி கையில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு இணையாக ஆயிரக்கணக்கான மீன்களை வெட்டி, அளந்து, பதிவு செய்யும் சலிப்பூட்டும் வேலைதான் கணிப்பின் துல்லியத்தைத் தீர்மானிக்கும்.

தரத்தை இழக்காமல் மேம்படுத்துவது எப்படி என்பதற்கு ஹைதராபாத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நெல், பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும். ஆனால் மக்கள் விரும்பும் மெல்லிய மணியும் சோற்றின் பதமும் மாறவில்லை. சமைத்துப் பார்ப்பவரின் தீர்ப்பைத் தேர்வு அளவுகோலில் முதலிலேயே சேர்த்ததன் பலன் அது.

சேற்று வாடையும் புளிக்குழம்பும்

வளர்ப்புக் கெண்டையைப் பற்றிய மிகப் பழைய குறை அதன் சேற்று வாடை. சேறுதான் காரணம் என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையல்ல. நீரிலுள்ள நீலப்பச்சைப் பாசிகளும் ஆக்டினோமைசீட்ஸ் நுண்ணுயிர்களும் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருளே முதன்மைக் குற்றவாளி. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் அதே மணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். செவுள் வழியே மீனுக்குள் நுழையும் இது கொழுப்பில் கரையக்கூடியது. எனவே கொழுத்த மீனில் அதிகமாகத் தங்கும். வளர்ச்சிக்கான தேர்வு கொழுப்பையும் கூட்டினால், வாடையும் கூடும் வாய்ப்புண்டு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதற்கு மரபியலைவிட எளிய தீர்வு நீரில் உள்ளது. அறுவடைக்கு முன் சில நாட்கள் தீவனமின்றிச் சுத்தமான ஓடும் நீரில் மீனை வைத்தால் வாடை கணிசமாகக் குறையும். எடையும் சற்றுக் குறையும் என்பதால் பலர் இதைச் செய்வதில்லை. சமையலறையிலும் ஒரு வழி உண்டு. ஜியோஸ்மின் அமிலத்தில் சிதைந்து மணமற்ற பொருளாக மாறும். குளத்து மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்த தலைமுறைகளுக்கு வேதியியல் பெயர் தெரியாது, வினை தெரிந்திருந்தது.

முள் இல்லாக் கெண்டை

ரோகுவைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் அதன் சதைக்குள் புதைந்திருக்கும் ஒய் வடிவ நுண்முட்கள். முதுகெலும்போடு இணையாத இவை கெண்டைக் குடும்பத்தின் பொதுச் சொத்து. துண்டுகளாக்கிப் பொட்டலமிட்டு விற்கும் நவீனச் சந்தைக்கும் இவையே தடை. மேற்கு வங்கத்திலும் வடகிழக்கிலும் முள்ளோடு பழகிய நாக்குகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆந்திரத்து ரோகு பனிக்கட்டியில் அடைக்கப்பட்டு அங்கேயே பெருமளவில் பயணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரேசிலில் தம்பாகி என்ற மீனில் நுண்முள்ளே இல்லாத சில மீன்கள் இயற்கையாகத் தென்பட்டன. சீன விஞ்ஞானிகள் ஒரு படி மேலே சென்று, முள் உருவாவதற்குத் தேவையான மரபணுக்களைக் கிரிஸ்பர் நுட்பத்தால் செயலிழக்கச் செய்து, நுண்முள் இல்லாத சிறுகெண்டை வகைகளை உருவாக்கியுள்ளனர். ஜப்பானில் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு நீக்கப்பட்டுச் சதைப்பற்று கூடிய கடற்பிரீம் மீன் 2021-ல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் வேற்று மரபணு புகுத்தப்பட்ட சால்மன் 2015-ல் ஒப்புதல் பெற்றும் சந்தையில் நிலைக்கவில்லை. அதன் நிறுவனம் 2024 இறுதியில் மீன் வளர்ப்பையே நிறுத்திக்கொண்டது. ஒப்புதல் வேறு, உண்பவரின் ஏற்பு வேறு என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் ரோகுவில் கிரிஸ்பர் நுட்பம் பயன்படுத்தப்பட்டுள்ளது. நோய் எதிர்ப்பில் பங்குள்ள டிஎல்ஆர்22 என்ற மரபணுவின் பணியை அறிய, அதைச் செயலிழக்கச் செய்த மீன்களைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. அது ஆய்வக மீன், சந்தைக்கானதல்ல. வேற்று மரபணு சேர்க்கப்படாத திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு விதிவிலக்கு அளித்தது. அதன் பயனாக, 2025 மே மாதம் ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கமலா' என்ற மரபணுத் திருத்த நெல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த விதிவிலக்கு தாவரங்களுக்கு மட்டுமே. மீனுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளே பொருந்தும். வேலியைத் தாண்டாத நெற்பயிருக்கும், வெள்ளத்தில் குளக்கரையைத் தாண்டி ஆற்றுக்குள் செல்லக்கூடிய மீனுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதால் இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

தமிழகத்தின் நிலை

நுண்முள் சிக்கலே இல்லாத திலேப்பியா தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் அறிமுகமானது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பழைய வகை, குளங்களில் கட்டுக்கடங்காமல் பெருகி, வளர்ச்சி குன்றி, நாட்டு மீன்களுக்கும் இடையூறானது. 1959-ல் அதன் பரவலுக்குத் தடை வந்தது. அந்தக் கெட்ட பெயரோடு இன்றும் போராடுவது கிஃப்ட் திலேப்பியா. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் காட்டு மீன்களையும் ஆசியப் பண்ணை வகைகளையும் கலந்து 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வின் விளைவு இது. சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடாவுக்கு அருகே இதைப் பெருக்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் குஞ்சுகளை வழங்குகிறது.

இறாலில் நிலைமை இன்னும் கூர்மையானது. 2009 முதல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் வனாமி தாய் இறால்களையே தொழில் நம்பியிருக்கிறது. இதற்கு மாற்றாக உள்நாட்டு வெள்ளை இறாலை மேம்படுத்தும் திட்டத்தைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் தொடங்கியது. தாய் இனம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் குஞ்சின் விலையும் இருக்கும்.

ஏரியில் விடும் குஞ்சுகள்

தெலங்கானா அரசு 2016 முதல் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீனவர் சங்கங்களுக்காக இலவசமாகக் குஞ்சுகளை விட்டு வருகிறது. கோடிக்கணக்கில் விடப்படும் இக்குஞ்சுகள் எந்தத் தாய் மீனின் பிள்ளைகள் என்ற கேள்வி, ஒரு பண்ணையாளரின் லாப நட்டத்தோடு முடிவதில்லை. நீர்த்தேக்கத்திலிருந்து கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் அவை சென்று சேர்ந்தால், அங்குள்ள மீன்களின் மரபிலும் கலக்கும். ஜெயந்தியை உருவாக்க ஐந்து ஆறுகளுக்குச் செல்ல முடிந்தது, அந்த ஆறுகளின் மீன்கள் அப்போது வேறுபட்டு இருந்ததால்தான்.

குஞ்சு வாங்கும் உழவர்கள் தாய் மீன்கள் எந்த ஆண்டு, எந்த வங்கியிலிருந்து பெறப்பட்டன என்ற பதிவேட்டைப் பொரிப்பகத்திடம் கேட்டுப் பெறலாம். தாய் மீன்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாத பொரிப்பகத்திடம் 'மேம்படுத்தப்பட்டது' என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ரோகு பொதுவாக இரண்டாம் ஆண்டில் முதிர்ச்சி அடையும்; பருவமழைக் காலத்தில் மட்டுமே முட்டையிடும். இந்த ஆடியில் தாய்மீன் வங்கியிலிருந்து ஒரு பொரிப்பகம் எடுத்துச் செல்லும் குஞ்சுகள் தாயாகி, அவற்றின் குஞ்சுகள் குளத்தில் வளர்ந்து, ஹைதராபாத்தின் சந்தைக்கு வந்துசேரக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும்.